மவுஸா, பென் டேப்லெட்டா? படத்திருத்தம் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படத்திருத்தம் கற்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி, மவுஸ் போதுமா, பேனாவால் வரையும் பலகையான பென் டேப்லெட் வாங்கத்தான் வேண்டுமா என்பது. இப்படிப் பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. படத்திருத்தம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட கைவேலைகள் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம். ஒன்று, ஓர் இடத்தைக் குறிபார்த்து அழுத்துவதும் ஸ்லைடரை நகர்த்துவதும். மற்றொன்று, படத்தின் மேல் தேய்ப்பது. அதாவது முகத்தின் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பது, பழைய படத்தின் கீறலை மறைப்பது, கூந்தலின் ஓரத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பது போன்றவை. முதல் வேலைக்கு மவுஸைப் போல வசதியானது வேறில்லை. இரண்டாவது வேலையை மவுஸால் செய்ய முடியும், ஆனால் கை அதற்குக் கூலி கேட்கும்.

ஆகவே முதல் படியாக, கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கையைக் கவனியுங்கள். விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டு, எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), கிராப் (ஓரம் வெட்டுதல்), நிமிர்த்தல் ஆகியவற்றில் கழிந்த நேரத்தை ஒரு பத்தியிலும், மாஸ்க் வரைதல் (திருத்தம் விழ வேண்டிய பகுதியைக் குறித்தல்), ஹீலிங், க்ளோன் (இரண்டும் குறையை மறைப்பவை), டாட்ஜ் (வெளுப்பாக்குதல்), பர்ன் (கருமையாக்குதல்) ஆகியவற்றில் கழிந்த நேரத்தை மற்றதிலும் குறித்து வாருங்கள். திருமண நிகழ்வொன்றில் எடுத்த ஆயிரம் படங்களை லைட்ரூம் என்ற மென்பொருளில் தேர்ந்தெடுத்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவருபவரின் நேரம் ஏறத்தாழ முழுவதும் முதல் பத்தியில்தான் சேரும். அதே படங்களிலிருந்து ஆல்பம் அமைப்பவருக்கு, பட்டுப்புடவையின் ஓரத்தையும் தலையில் சூடிய மல்லிகைச் சரத்தையும் வெட்டியெடுக்கும் வேலை இருப்பதால், இரண்டாம் பத்தி நிரம்பிவிடும். நான் இந்தக் கணக்கை டேப்லெட் வாங்கிய பிறகுதான் போட்டுப் பார்த்தேன். அப்போது என் நேரத்தில் தேய்ப்பு வேலை கால் பங்குகூட இல்லை. முன்பே போட்டிருந்தால் ஓர் ஆண்டு பொறுத்து வாங்கியிருப்பேன்.

இரண்டாம் பத்தி வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் இருக்கும் மவுஸையும் விசைப்பலகையையும் முழுமையாகப் பயன்படுத்தக் கற்பது அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும்.

இடக்கையின் வேலை

படத்திருத்தத்தில் உள்ளீட்டுக் கருவி என்பது வலக்கையில் இருப்பது மட்டுமன்று. விசைப்பலகையின் மேல் ஓய்ந்து கிடக்கும் இடக்கையும் அதில் பாதி. போட்டோஷாப்பில் பிரஷ்ஷின் அளவை மாற்ற ஒவ்வொரு முறையும் மேலே உள்ள பட்டைக்குக் கர்சரைக் கொண்டுபோகிறவர், எவ்வளவு விலையுயர்ந்த பேனாவை வைத்திருந்தாலும் மெதுவாகத்தான் வேலை செய்வார். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஆக்கும். ஷிஃப்டுடன் சேர்த்து அழுத்தினால் அதன் ஓரம் மென்மையாகவோ கூர்மையாகவோ ஆகும். எக்ஸ் விசை முன்னிறத்தையும் பின்னிறத்தையும் இடம் மாற்றுவதால், மாஸ்க்கில் கறுப்பால் மறைத்து வெள்ளையால் மீட்பதை ஒரு விரலால் செய்யலாம். எண் விசைகள் பிரஷ்ஷின் ஒப்பாசிட்டியை, அதாவது நிறம் எவ்வளவு அடர்த்தியாக விழ வேண்டும் என்பதை மாற்றும். 5 என்பது 50 விழுக்காடு. ஸ்பேஸ் விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் படம் நகரும். இந்த ஐந்தாறு விசைகளைப் பார்க்காமல் அழுத்தும் பழக்கம் வந்துவிட்டால், நாளை நீங்கள் பேனாவுக்கு மாறினாலும் அந்தப் பழக்கம் அப்படியே கூட வரும்.

மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. பொத்தான் அழுந்தியிருக்கிறது அல்லது அழுந்தவில்லை, அவ்வளவுதான். அதனால் மவுஸால் தேய்க்கும்போது மை கொட்டியதுபோல நிறம் ஒரே சீராக விழுகிறது என்று புதியவர்கள் குறைபடுவது உண்மைதான். இதற்கு ஒரு மாற்று உண்டு. பிரஷ்ஷிலிருந்து நிறம் வழியும் வேகமான ஃப்ளோ என்னும் அளவை 5 விழுக்காட்டுக்கு அருகில் வைத்து, ஓரத்தை முழு மென்மையாக்கி, ஒரே இடத்தில் பலமுறை தேய்த்துச் சிறிது சிறிதாக நிறத்தை ஏற்றுங்கள். அழுத்தத்தால் ஒரே வீச்சில் செய்யக்கூடியதைப் பத்து வீச்சுகளில் செய்கிறீர்கள். பொறுமை வேண்டும், ஆனால் முடிவில் வரும் படத்தைப் பார்த்து எது மவுஸால் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பி, கூரையின் விளிம்பு போன்ற நேர்க்கோட்டுப் பொருள்களுக்கு, தொடக்கப் புள்ளியில் ஒருமுறை அழுத்தி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இறுதிப் புள்ளியில் அழுத்தினால் இரண்டுக்கும் இடையே பிரஷ் தானே நேராக ஓடும். அந்த வேலையில் மவுஸ் பேனாவைவிட நன்று.

மவுஸ் வாங்குவதாக இருந்தால், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணை, அதாவது மவுஸின் நுண்ணுணர்வைக் காட்டும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். 800 முதல் 1600 வரை இருந்தால் படத்திருத்தத்துக்குத் தாராளம். பத்தாயிரங்களில் சொல்லப்படுபவை விளையாட்டுக்காரர்களை நோக்கிய விளம்பரம். உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்தும் உருவம், கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான்கள், தடையின்றிச் சுழலும் சக்கரம் ஆகிய மூன்றும்தான் நாள்தோறும் பயன்படும். விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்றொரு தேர்வு உண்டு. அது கையின் வேகத்துக்கேற்பக் கர்சர் செல்லும் தொலைவைக் கூட்டிக் குறைப்பதால், அதை அணைத்துவிட்டால் கை நகர்ந்த தொலைவுக்கும் கர்சர் நகர்ந்த தொலைவுக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கும். ஓரங்களைத் தொடர்ந்து வரைவதற்கு அது உதவும்.

மடிக்கணினியின் டச்பேட், இரு விரல்களால் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் நகர்த்துவதற்கும் நல்லது, பிரஷ் வேலைக்கு உதவாது. டிராக்பால் பற்றிச் சிலர் ஆர்வமாகக் கேட்பார்கள்: கருவி அசையாமல் நிற்க, பந்தை மட்டும் விரலால் உருட்டுவதால், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஸ்லைடர்களை மிக நுண்ணிய அளவில் நகர்த்தவும் அது உகந்தது. ஆனால் வளைவான ஓரத்தைத் தொடர்ச்சியாக வரைவது பந்தால் எளிதன்று.

பேனா என்ன செய்கிறது

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் ‘டச்சிங்’ செய்பவர், சாய்வான மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச் செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தின் சுருக்கங்கள் மேல் மெல்லத் தீட்டுவார். நெகட்டிவில் பென்சில் படிந்த இடம் ஒளியைத் தடுப்பதால், அச்சில் அந்த இடம் வெளுத்து, சுருக்கம் தணிந்து தெரியும். கையின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே திருத்தமும். பென் டேப்லெட் நமக்குத் திருப்பித் தருவது அந்த அழுத்தத்தைத்தான். வேகம் அதற்கு அடுத்ததே.

டேப்லெட் என்ற சொல்லைக் கடையில் தனியாகச் சொன்னால் ஆண்ட்ராய்டு டேப்லெட்டை எடுத்து நீட்டுவார்கள்; பென் டேப்லெட் அல்லது கிராஃபிக்ஸ் டேப்லெட் என்று கேட்க வேண்டும். இதில் திரை கிடையாது. கறுப்பான ஒரு பலகை, ஒரு பேனா, கணினியோடு இணைக்க ஒரு யூஎஸ்பி கம்பி, அவ்வளவே. 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் நிறுவனத்தின் பேனாக்களில் மின்கலம் இருப்பதில்லை. பலகைக்கு அடியில் உள்ள கம்பி வலை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் உள்ள கம்பிச் சுருள் அதை வாங்கித் திருப்பி ஒலிக்கிறது. அந்த எதிரொலியிலிருந்து பேனாவின் இடமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. இப்போது ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் மின்கலம் இல்லாத பேனாவைக் குறைந்த விலையில் தருகின்றன. மின்கலம் போட வேண்டிய பேனாவுடன் வரும் பழைய மாதிரி எதுவும் மலிவாகக் கிடைத்தால் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பேனா தடிமனாகவும் கனமாகவும் இருக்கும்.

புதியவர்களைத் தடுமாற வைக்கும் வேறுபாடு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் கர்சர் இருந்த இடத்திலேயே இருக்கும். பேனா அப்படியன்று: பலகையின் இடது மேல் மூலை என்றால் திரையின் இடது மேல் மூலைதான், பலகையின் நடு என்றால் திரையின் நடுதான். மேலும், முனை பலகையைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குள் மிதந்தாலே கர்சர் நகரும். தொட்டால் அது அழுத்தியதாகக் கொள்ளப்படும். இதைப் பொறுக்க முடியாமல் முதல் நாளே டிரைவரில் (பலகையைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) பேனாவை மவுஸ் போல நடக்கும் முறைக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அதைச் செய்தால் டேப்லெட் வாங்கியதன் பயன் பாதி போய்விடும்.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

பெரியது வாங்கினால் நுணுக்கம் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்று தெரியும். வாக்கமின் இன்டுவோஸ் வரிசையில் சிறிய பலகையின் பயன்படு பரப்பு 152 x 95 மில்லிமீட்டர். நடுத்தரப் பலகையினுடையது 216 x 135 மில்லிமீட்டர். 24 அங்குல அகலத்திரை ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் அகலம் உடையது. எனவே சிறிய பலகையில் பேனா ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் கர்சர் திரையில் மூன்றரை சென்டிமீட்டர் ஓடும். நடுத்தரப் பலகையில் இரண்டரை சென்டிமீட்டர் ஓடும். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் 34 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், அதனோடு சேர்த்த சிறிய பலகை இரண்டே கால் சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஓட்டும். ஆகவே மடிக்கணினியில் வேலை செய்பவருக்குச் சிறிய பலகையே, பெரிய திரையோடு நடுத்தரப் பலகை வைத்திருப்பவரின் நுணுக்கத்தைத் தந்துவிடுகிறது. நுணுக்கம் குறைகிறது என்று தோன்றும் இடத்தில் படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால், கைநடுக்கம் படத்தில் பதிவது பாதியாகிவிடும்.

படம் வரைபவர்கள் முழங்கையிலிருந்து கையை வீசுவதால் அவர்களுக்குப் பெரிய பலகை வேண்டும். ஒளிப்படத் திருத்தத்தில் வீச்சுகள் குறுகியவை; மணிக்கட்டும் விரல்களும்தான் வேலை செய்கின்றன. நான் முதலில் வாங்கியது ஏ4 தாளளவுள்ள, யாரோ பயன்படுத்தி விற்ற பலகை. மேசையில் அதை வைத்ததும் விசைப்பலகை ஒரு பக்கமாக ஒதுங்கியது. பட்டியலைத் தொடுவதற்காகக் கையைத் தோளிலிருந்து தூக்கித் தூக்கி வைத்ததில் பத்தே நாளில் தோள் பிடித்துக்கொண்டது. கடைசியில் டிரைவரில் பரப்பைக் கால்வாசியாகச் சுருக்கிக்கொண்டு, மீதிப் பலகையில் தேநீர்க் குவளை வைக்கத் தொடங்கிய பிறகுதான் அதை விற்கும் எண்ணம் வந்தது. மடிக்கணினிக்குச் சிறியது, 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள திரைக்கு நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

விளம்பரத்தில் அடுத்துக் கண்ணில் படுவது அழுத்த நிலைகளின் எண்ணிக்கை: 2048, 4096, 8192, இப்போது 16384 வரை வந்துவிட்டது. வழக்கமான எட்டு பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் உள்ள படிநிலைகளே 256தான். மனிதக் கையால் இந்த ஆயிரங்களைப் பிரித்தறிந்து அழுத்தவும் முடியாது. வாக்கமின் மலிவான ‘ஒன் பை வாக்கம்’ மாதிரியில் உள்ள 2048 நிலைகளே படத்திருத்தத்துக்குப் போதும். எண்ணைவிட முக்கியமானது, எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பது. நல்ல பேனா இறகு தொட்டதுபோன்ற தொடுகையையும் உணரும், மட்டமானது ஓரளவு அழுத்திய பிறகே விழித்துக்கொள்ளும். இதைப் பெட்டியில் படித்து அறிய முடியாது, கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பேனாவின் சாய்வை உணரும் வசதி ஓவியர்களுக்கானது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பலகையின் ஓரத்தில் உள்ள பொத்தான்கள் வசதியானவைதான், ஆனால் இடக்கை விசைப்பலகைக்குப் பழகியவர்கள் அவற்றை மறந்தே போவார்கள். பேனாவின் தண்டில் உள்ள இரண்டு பொத்தான்கள் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

திரையுள்ள பென் டிஸ்ப்ளே பற்றியும் கேட்பார்கள். படத்தின் மேலேயே வரைவதுபோல இருப்பதால் கற்பது எளிது. ஆனால் திருத்தும் இடத்தையே உங்கள் கை மறைக்கும், கழுத்து நாள் முழுதும் குனிந்திருக்கும், மலிவான மாதிரிகளில் நிறம் உங்கள் முதன்மைத் திரையோடு ஒத்துப்போகாது. படத்திருத்தத்தில் நிறம்தானே எல்லாம். திரையில்லாத பலகையோடு நல்லதொரு மானிட்டர் வாங்குவது அதே பணத்துக்கு மேலான வழி. ஆப்பிள் கணினியும் பென்சிலோடு ஐபேடும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், 2019இல் வந்த சைட்கார் வசதியால் ஐபேடைப் பேனாத் திரையாக்கி, பணம் செலவழிக்காமலேயே பேனா தமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்கலாம்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

பணம் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் தளத்துக்குப் போய், அந்த மாதிரிக்கான டிரைவர் உங்கள் விண்டோஸ் அல்லது மேக் பதிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழையது வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பலகை பத்தாண்டு உழைக்கும், டிரைவர் அதற்கு முன்பே நின்றுபோகும். மாற்று முனைகள் தனியாகக் கிடைக்கின்றனவா என்றும், பேனா தொலைந்தால் அதை மட்டும் வாங்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பலகையாக இருந்தால், ஒரு வரைபட மென்பொருளைத் திறந்து நான்கு ஓரங்களிலும் மூலைவிட்டமாகவும் மெதுவாகக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நடுங்கினாலோ ஓரிடத்தில் அறுந்தாலோ வேண்டாம்.

பொருத்தும்போது, வேறு டேப்லெட்டின் டிரைவர் கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கிய பிறகே புதியதை நிறுவுங்கள். பேனா தொடுகிறது, அழுத்தம் மட்டும் வரவில்லை என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம். அடுத்து டிரைவரில் நான்கு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, திரையின் நீள அகல விகிதத்தைப் பலகைக்கும் பொருத்தும் ‘ஃபோர்ஸ் புரொபோர்ஷன்ஸ்’ போன்ற தேர்வு. பலகை 16:10, திரை 16:9 என்று இருக்கையில் இதைப் போடாவிட்டால், நீங்கள் வரையும் வட்டம் திரையில் நீள்வட்டமாக விழும். போட்டால் பலகையின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் பட்டை வீணாகும், அது பரவாயில்லை. இரண்டாவது, இரண்டு மானிட்டர் உள்ளவர்கள் பலகையை ஒன்றுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும். இரண்டு 24 அங்குலத் திரைகளுக்கும் சேர்த்துச் சிறிய பலகையை விரித்தால் பேனாவின் ஒரு சென்டிமீட்டர் திரையில் ஏழாகிவிடும். மூன்றாவது, இடக்கைக்காரர்கள் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்வதற்கான தேர்வு. நான்காவது, அழுத்தத்தின் மென்மை. தொடக்கத்தில் எல்லாருமே அளவுக்கு மீறி அழுத்துவதால், இதை ஒரு படி மென்மையாக வைத்தால் விரல் வலிக்காது.

விண்டோஸில் பேனாவைச் சற்று நேரம் ஊன்றினால் ஒரு வளையம் தோன்றி வலப் பொத்தான் பட்டியல் திறக்கும். பிரஷ் வேலையில் இது பெருந்தொல்லை என்பதால், கன்ட்ரோல் பேனலில் ‘பென் அண்ட் டச்’ பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள். போட்டோஷாப்பில் அழுத்தம் வரவில்லை என்றால் டிரைவரில் விண்டோஸ் இங்க் என்ற தேர்வு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் பிரைவசி பகுதியில் டிரைவருக்கு அனுமதி தரப்பட்டிருக்க வேண்டும். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் எடிட் பட்டியலில் இன்புட் டிவைசஸ் என்பதைத் திறந்து, பேனாவின் நிலையை ‘ஸ்கிரீன்’ என்று மாற்றினால்தான் அழுத்தம் வரும். போட்டோஷாப்பின் மேல்பட்டையில் ஒப்பாசிட்டிக்குப் பக்கத்தில் ஒன்றும் பட்டையின் வலப்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு அழுத்தக் குறிகள் உண்டு. ஒளிப்படத் திருத்தத்துக்கு ஒப்பாசிட்டிக்கானதை மட்டும் போட்டு, அளவுக்கானதை அணைத்து வையுங்கள். அளவும் அழுத்தத்தோடு மாறினால் தோலின் மேல் புள்ளிபுள்ளியாகத் திட்டுகள் விழும்.

முதல் இரண்டு வாரங்கள்

பேனா வாங்கிய பலர் மூன்றாம் நாளே மவுஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கண் திரையிலும் கை மேசையிலும் இருக்கும் இந்த ஒருங்கிணைப்பு படிப்பதால் வராது, பழகித்தான் வர வேண்டும். இரண்டு வாரத்துக்கு மவுஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கோப்புகளைத் திறப்பது முதல் மின்னஞ்சல் படிப்பதுவரை எல்லாவற்றையும் பேனாவால் செய்யுங்கள். அவசர வேலை ஏதும் கையில் இல்லாத வாரமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. நாளுக்குப் பத்து நிமிடம் வெற்றுத் தாளில் ஒரு பயிற்சி: இடைவெளி விட்டு இரண்டு புள்ளிகள் வைத்து அவற்றைக் கோட்டால் இணையுங்கள், பிறகு மெல்லத் தொடங்கி அழுத்தி மீண்டும் மெல்ல முடியும் கோடுகளை வரிசையாக இழுங்கள். இரண்டாம் வாரத்தில் வீட்டிலுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வருடியெடுத்து (ஸ்கேன் செய்து), அதன் கீறல்களை ஒவ்வொன்றாக மறையுங்கள். படத்தின் இழையைப் பார்த்து அதன் போக்கிலேயே பேனாவை நகர்த்தக் கற்பதற்கு அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

பலகையைத் திரைக்கு நேராக, உங்கள் உடலின் நடுக்கோட்டில் வையுங்கள். வலப்பக்கம் ஒதுக்கி வைத்தால் கோடுகள் சாய்ந்து விழும். முழங்கை மேசையில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். சென்னை போன்ற வேர்வை நிறைந்த ஊர்களில் உள்ளங்கை பலகையில் ஒட்டிக்கொள்ளும். சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் மட்டும் மூடும் கையுறை அதற்கென்றே விற்கப்படுகிறது, பருத்திக் கையுறை ஒன்றில் மற்ற மூன்று விரல்களை வெட்டிவிட்டாலும் அதே வேலையைச் செய்யும். பேனா முனை தேயும் பொருள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு பக்கம் தட்டையாகி, விரலில் நெருடும் கூர் விளிம்பு வந்துவிட்டால் அது பலகையைக் கீறத் தொடங்கும். பெட்டியோடு வந்த சிறு வளையத்தால் பழைய முனையைப் பிடித்து இழுத்து, மாற்று முனையை நிற்கும்வரை செருகிவிடுங்கள்.